கம்பெனி நிலமெல்லாம் மனையாவதற்கு முன்: சியாட்டிலின் ஒரு முடிவும் சேலத்து வெள்ளைக்கல் பூமியும்

சேலத்துக்குக் கடல் கிடையாது. பிறகு எதற்கு ஒரு துறைமுக நகரத்தின் கதை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் கப்பல் பட்டறையும் சரக்குக் கிடங்கும் நிற்கும் நிலமும், நம் ஊரில் மாமாங்கத்திலிருந்து கருப்பூர் வரை வெளுத்துக் கிடக்கும் வெள்ளைக்கல் பூமியும் ஒரு விஷயத்தில் ஒரே சாதி. இரண்டும் பரப்பில் பெரியவை, சில நிறுவனங்களின் கையில் இருப்பவை. ஊர் வளர்ந்து அவற்றின் வேலி வரை வந்துவிட்டது. பட்டறையாக இருப்பதைவிட மனைப்பிரிவாகவோ அலுவலக அடுக்குமாடியாகவோ மாறினால் பல மடங்கு விலை போகும். அப்படிப்பட்ட நிலத்தை இனி என்ன செய்யலாம் என்று ஒரு நகரம் தன் மக்களை உட்காரவைத்துக் கேட்டது. 2019இல் தொடங்கிய பேச்சு 2023இல் சட்டமாக முடிந்தது. கேட்ட முறையில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. வரைந்து முடித்த வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே ஒட்டினால் அம்மாபேட்டைத் தறிக்காரர்தான் முதலில் தெருவுக்கு வருவார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்து நிலம்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், நகரத்துக்கு வடமேற்கே, டூனைட் என்னும் கரும்பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது மேக்னசைட். அந்த வெள்ளைக் கல்லைச் சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டால், உருக்கு உலையின் உட்சுவருக்கான தீத்தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள் கிடைக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய தோண்டல் இது. பர்ன் நிறுவனம், டால்மியா, 1979இல் தமிழக அரசு ஏற்படுத்திய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் என்று பல பெயர்ப் பலகைகளை இந்தப் பூமி பார்த்திருக்கிறது. பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் பிரிவு 2011இல் மத்திய அரசின் எஃகு நிறுவனமான செயில் குழுமத்துக்குப் போனது. பலகை மாறுவதற்குத் தில்லியிலோ சென்னையிலோ ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்திருக்கிறது. செட்டிச்சாவடியிலும் குரும்பப்பட்டியிலும் ஜாகீர் அம்மாபாளையத்திலும் வசிப்பவர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

நகரின் மறுபக்கம் கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக உற்பத்திக்கு வந்தது. 1995இல் வெப்ப உருட்டாலையும், 2010இல் எஃகு உருக்கும் பிரிவும் சேர்ந்தன. கஞ்சமலை இரும்பை நம்பி மாவட்டம் கேட்ட ஆலை ஒன்று. வெளியிலிருந்து எஃகுப் பாளம் கொண்டுவந்து தகடாக்கும் ஆலையாகக் கிடைத்தது வேறொன்று. அந்த வருத்தம் பழையது, அதைக் கிளற வேண்டியதில்லை. 2016இல் ஆலையை விற்க மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2019இல் வாங்க விரும்புவோரிடம் விண்ணப்பம் கேட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. விற்பனை நடந்தேறவில்லை. அதே 2019இல் தமிழ்நாட்டின் ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்துக்கு ஐந்து முனைகளில் ஒன்றாகச் சேலம் அறிவிக்கப்பட்டது. கருப்பூர்ப் பக்கம் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தது. ஜாகீர் அம்மாபாளையத்தில் ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. சொல்ல வருவது, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது என்பதைத்தான். சுரங்கம் கனிமத் துறை வழியாக, பூங்கா தொழில் துறை வழியாக, ஆலை மத்திய அரசு வழியாக. நிலம் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கிறது, கோப்புகள் மட்டும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. இந்தப் பட்டை முழுவதையும் ஒரே மேசையில் விரித்து, சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களையும் வேலைக்காரர்களையும் வைத்துக்கொண்டு பேசும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. சியாட்டிலில் செய்தது அதைத்தான்.

கடல் கிடையாது என்று தொடங்கிவிட்டேன், ஆனால் சேலத்து இரும்பு கடலைப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நடத்திய இரும்பாலை சேலம் மாவட்டத்துத் தாதுவை நம்பி இருந்தது. உலைக்கு மரக்கரி வேண்டும்; காடுகளிலிருந்து விறகு வெட்டிக்கொள்ளும் உரிமையும் கம்பெனி அரசு அவருக்குத் தந்தது. ஆலை நிலைக்கவில்லை. தாதுவுக்கும் காட்டுக்கும் அருகில் இருந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்டதாகவும் தெரியவில்லை. அப்போதிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது.

சியாட்டிலில் என்ன சிக்கல்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலின் உள்கழி ஒன்றின் கரையில் இருக்கிறது சியாட்டில். விமானமும் மென்பொருளும் அதன் புகழ். ஆனால் நகரப் பரப்பில் சுமார் 12 சதவீதம் தொழில் நிலமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு பெரிய திட்டுகள். வடக்கே பல்லார்ட், இன்டர்பே பகுதி: அலாஸ்கா கடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பல்கள் பழுது பார்க்க வந்து நிற்கும் இடம், 1914இல் திறந்த மீனவர் துறையும் இங்கேதான். தெற்கே டுவாமிஷ் ஆற்றங்கரை: கொள்கலன் துறைமுகம், ரயில் முற்றம், கிடங்கு, சிமென்ட், பழைய இரும்பு.

அந்த வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நான்காண்டுப் பட்டம் இல்லாதவர்களுக்கும் கிடைப்பவை என்று நகர நிர்வாகம் கணக்கிட்டது. என் பார்வையில் முழு ஆய்வுக்கும் அச்சாணி இந்த ஒரு கணக்குதான். மென்பொருள் கம்பெனிகளால் வாடகை ஏறிக்கொண்டிருந்த நகரத்தில், பட்டம் இல்லாதவர் குடும்பம் நடத்தும் அளவு கூலி வாங்க மிச்சமிருந்த இடம் அது.

நிலத்துக்கு ஆபத்து மூன்று பக்கத்திலிருந்து வந்தது. முதலாவது விதியில் இருந்த ஓட்டை. தொழில் மண்டலம் என்று பெயர், ஆனால் உள்ளே பெரிய சில்லறைக் கடையும் வாடகைச் சேமிப்பு அறைகளும் வரலாம். லாரி நிறுத்தும் இடத்தில் இப்படி ஒரு கடை வந்தால் பக்கத்து நிலத்தின் விலையும் கடை விலையாகிவிடும். பட்டறைக்காரரால் அதைத் தாங்க முடியாது. இரண்டாவது, நகரத்தின் நெடுந்திட்டத்தை ஆண்டுக்கொரு முறை திருத்த விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு. நில உரிமையாளர்கள் ஆண்டுதோறும் வந்து எங்கள் நிலத்தை மட்டும் தொழில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். மூன்றாவது, 2016இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட இலகு ரயில் விரிவாக்கம். புதிய பாதை இந்தத் தொழில் பகுதிகளின் ஊடாகப் போகிறது. ரயில் நிலையம் வரும் இடத்தைச் சுற்றி நிலத்துக்கு என்ன ஆகும் என்று சேலத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. புறவழிச் சாலை வந்த இடங்களில் நட்ட கல்லே சொல்லும்.

உட்கார்ந்து பேசிய விதம்

2019இல் அப்போதைய மேயர் ஜென்னி டர்கன் ஆலோசனைக் குழுக்களை அமைத்தார். முழு நகரத்துக்கு ஒரு குழு. அதோடு பல்லார்ட், இன்டர்பே, துறைமுகத்தை ஒட்டிய சோடோ, ஜார்ஜ்டவுன் - சவுத் பார்க் என நான்கு பகுதிக் குழுக்கள். துறைமுகத் தொழிலாளர் சங்கம், கட்டுமானத் தொழிற்சங்கங்கள், கப்பல் பட்டறை முதலாளிகள், நில உரிமையாளர்கள், துறைமுக நிர்வாகம், குடியிருப்போர் எல்லோரும் உள்ளே. முன்னொரு மேயர் காலத்தில் இதே பொருள் பற்றி ஒரு முயற்சி நடந்து கரை சேராமல் போயிருந்ததால் இந்த முறை அவநம்பிக்கையோடுதான் தொடங்கியது. இடையில் பெருந்தொற்று வந்து கூட்டங்கள் நின்று, பிறகு திரையில் தொடர்ந்தன.

நான் மெச்சுவது வரிசையை. வரைபடத்தை விரித்து எந்த சர்வே எண் யாருக்கு என்று தொடங்கியிருந்தால் முதல் கூட்டத்திலேயே நாற்காலி பறந்திருக்கும். அவர்கள் கொள்கையில் தொடங்கினார்கள். 2021 ஜூனில் 11 உத்திகள் கொண்ட அறிக்கை வந்தது. அவற்றில் பாதி நிலத்தைப் பற்றியதே அல்ல. பட்டம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் தொழிற்பயிற்சி, சரக்குப் போக்குவரத்து, பாதுகாப்பு, மாசு. அதன் பிறகுதான் நிலம்: ஓட்டையை அடைப்பது, தொழில் பட்டியலிலிருந்து நிலத்தை எடுப்பதைக் கடினமாக்குவது, தொழில் நிலத்தில் புதிதாகக் குடியிருப்பு வேண்டாம் என்பது. பொது அமைப்புகளின் கையில் இருந்த இரண்டு பெரிய இடங்களுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்றும் ஒரு உத்தி இருந்தது. அவற்றில் ஒன்று இன்டர்பேயில் உள்ள தேசியக் காவல் படையின் இடம்.

அறிக்கை வந்த ஆறு மாதத்தில், 2021 டிசம்பரில், வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. அதில் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது ஒரு வழி. மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று வழிகள். மக்கள் கருத்துக்குப் பிறகு இறுதி அறிக்கை 2022 செப்டம்பரில். மேயர் மாறியிருந்தார், கோப்பு மாறவில்லை. புரூஸ் ஹாரெல் அதை எடுத்து நடத்தினார். 2023 ஜூலையில் நகர மன்றம் நிறைவேற்றியது. ஆள் மாறினால் திட்டம் குப்பைக்குப் போகும் என்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

என்ன முடிவாயிற்று

பழைய தொழில் மண்டலங்கள் போய் மூன்று புதிய மண்டலங்கள் வந்தன. முதலாவது கடல் தொழில், உற்பத்தி, சரக்குக் கையாளலுக்கு. துறைமுகத்தையும் ரயிலையும் ஒட்டிய நிலம் பெரும்பாலும் இதில் வந்தது, இங்கே கடைக்கும் அலுவலகத்துக்கும் அனுமதிக்கப்பட்ட அளவைச் சுருக்கினார்கள். மூன்றாவது, குடியிருப்பும் தொழிலும் முட்டிக்கொள்ளும் ஓரங்களுக்கு: சிறு பட்டறை, மதுவடிப்பகம், கலைஞர்களின் வேலையிடம். இங்கே மட்டும் வேலைக்காரர்களுக்கென்று கொஞ்சம் வீடு. அதுவும் சரக்கு லாரிச் சாலையிலிருந்து தள்ளி, இரைச்சல் தடுப்போடு.

நடுவில் உள்ளதுதான் சுவாரஸ்யமானது. ரயில் நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்கு அலுவலகம் வந்தே தீரும், தடுத்தாலும் நீதிமன்றம் வழியாக வரும். அதனால் ஒரு பேரம் வைத்தார்கள். கட்டுபவர் முதலில் தொழிலுக்கான இடத்தைக் கட்ட வேண்டும். அதைக் கட்டினால், அதற்கு ஈடாக மேலே கூடுதல் தளங்களை அலுவலகமாகக் கட்டிக்கொள்ளலாம். அலுவலக வாடகை கீழே இருக்கும் பட்டறையைச் சுமக்கும். உலகம் முழுவதும் நில உரிமையாளருக்குக் கூடுதல் தளப்பரப்பு கொடுக்கிறார்கள், பெரும்பாலும் எதையும் திரும்ப வாங்காமல். இங்கே வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கருப்பூரில் மினி டைடல் பூங்கா போன்ற கட்டடங்கள் இனியும் வரும். ஒவ்வொன்றின் தரைத்தளத்திலும் கடைசல் பட்டறைக்கோ வெள்ளிக்கொலுசுப் பயிற்சிக் கூடத்துக்கோ ஓர் இடம் கேட்டிருந்தால் யாரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள்.

இந்த மாற்றங்களால் காலப்போக்கில் 35,000 வரை புதிய வேலைகளும் சுமார் 3,000 வீடுகளும் வரலாம் என்று நகர நிர்வாகம் மதிப்பிட்டது. மதிப்பீடு மதிப்பீடுதான், அதை வைத்துத் திட்டத்தை எடைபோட இன்னும் காலம் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணில் வராத ஒரு விதி. இனி தொழில் நிலத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், நெடுந்திட்டத்தின் பெரிய திருத்தத்தின்போதோ முழு நகரத்துக்கான ஆய்வின்போதோதான் பேச முடியும். ஆண்டுதோறும் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டும் வேலைக்கு முற்றுப்புள்ளி.

நம்மிடம் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் ஒரு முழுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகும், தனித்தனி சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டை மாற்றும் அறிவிக்கைகள் அரசிதழில் வந்துகொண்டே இருக்கின்றன. தொழில் பகுதி குடியிருப்பாக, விவசாயம் தொழிலாக. ஒவ்வொன்றும் அரை ஏக்கர், இரண்டு ஏக்கர். அரசிதழைக் காலையில் தேநீரோடு படிப்பவர் யாரும் இல்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் முழுமைத் திட்டத்தில் ஒரு நிறமும் தரையில் வேறொரு நிறமும் இருக்கும்.

ஆற்றங்கரை ஆட்கள்

டுவாமிஷ் ஆற்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேராக வெட்டிக் கால்வாயாக்கினார்கள். கரையில் நூறாண்டுத் தொழில். அடிமண்ணில் நச்சு வேதிப்பொருள் படிந்து, 2001இல் அமெரிக்க மத்திய அரசின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் அதன் கீழ்ப்பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், சேர்ந்தது. அதே ஆண்டில் கரையோர மக்களின் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. தூய்மைப்படுத்தும் திட்டம் பற்றிய மத்திய அரசின் முடிவு 2014இல்தான் வந்தது. இந்த ஆற்றங்கரையில் ஜார்ஜ்டவுன், சவுத் பார்க் என்று இரண்டு குடியிருப்புகள். குடிபெயர்ந்து வந்தவர்களும் எளிய வருவாய்க்காரர்களும் நிறைய வாழும் இடம். 2013இல் வெளியான ஒரு உடல்நல ஆய்வு, இங்கே பிறப்பவரின் சராசரி ஆயுள் நகரின் வசதியான லாரல்ஹர்ஸ்ட் பகுதியைவிட 13 ஆண்டு வரை குறைவு என்றது.

இந்த மக்களின் கோரிக்கை, தொழிலை விரட்டுங்கள் என்பதாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் அதே பட்டறைகளில் வேலை செய்பவர்கள். ஓரத்து நிலத்தில் சில துண்டுகளைத் தொழில் பட்டியலிலிருந்து எடுத்து வீடும் கடையும் கலந்த பகுதியாக்குங்கள், பெரிய தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள் என்று கேட்டார்கள். கிடைத்தது. நகரம் முழுவதும் தொழில் நிலத்தைக் காக்க வந்த சட்டம், இங்கே மட்டும் தொழில் நிலத்தைக் குறைத்தது. பகுதிக் குழு என்று தனியாக ஒன்று இல்லாமல் போயிருந்தால் இந்த விதிவிலக்குக்கு வாயே இருந்திருக்காது.

சேலத்தில் இதற்கு இணை திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்கு நடுவே ஓடி, சாயக் கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போகிறது. சாயப்பட்டறைக்காரரும் ஆற்றங்கரையில் குடியிருப்பவரும் பல இடங்களில் ஒரே தெரு, சில வீடுகளில் ஒரே ஆள். மூடு என்ற சத்தமும் திற என்ற சத்தமும் ஒரே வாயிலிருந்து வரும் இடத்தில், ஆம் இல்லை என்று கேட்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் உதவாது.

நீர்நிலைக்காகச் சேலம் மக்கள் கூடியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் நகர மக்கள் தாங்களே பணம் திரட்டித் தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். ஏரி என்றால் நம் ஊரில் உணர்ச்சி வருகிறது. தொழிற்சாலை நிலம் என்றால் வருவதில்லை. அது கம்பெனிக்காரன் பாடு என்று விட்டுவிடுகிறோம். வெள்ளைக்கல் குழிகளில் தேங்கும் மழைநீரும் நீர்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

தறி வீட்டை என்ன செய்வது

இப்போது முன்பு சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். சியாட்டில் திட்டத்தின் முதுகெலும்பு, தொழில் வேறு வீடு வேறு என்ற பிரிவினை. கொள்கலன் தூக்கும் பாரந்தூக்கிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டக் கூடாது என்பது சரி. ஆனால் சேலத்தின் தொழில் பெரும்பகுதி, தொழில் மண்டலம் என்று நிறம் தீட்டிய நிலத்தில் நடப்பதே இல்லை. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டையில் முன்கூடத்தில் தறி, பின்கட்டில் குடும்பம். இளம்பிள்ளையிலும் கொண்டலாம்பட்டியிலும் விசைத்தறி. சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி பக்கம் கொலுசுக்குப் பற்றவைக்கும் அடுப்பு திண்ணையிலேயே. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்யும் வீடுகளுக்கு வரைபடத்தில் கிடைத்தது குடியிருப்பு என்ற மஞ்சள் நிறம்.

இங்கே வந்து தொழில் நிலத்தில் வீடு வேண்டாம் என்று ஒரு விதி எழுதினால் அதன் மறுபக்கம் தானாக எழுதப்பட்டுவிடும்: வீட்டில் தொழில் வேண்டாம். பக்கத்து மனையில் புதிதாகக் குடிவந்தவர் தறிச்சத்தம் பற்றி ஒரு புகார் கொடுத்தால் போதும், மூன்று தலைமுறைத் தொழிலுக்கு நோட்டீஸ் வரும். ஆகவே சேலத்துக்கு இரண்டு விதமான பேச்சு வேண்டும். வெள்ளைக்கல் பூமி, உருக்காலை நிலம் போன்ற பெரிய பரப்புக்குச் சியாட்டில் பாணி காப்பு. தறித் தெருவுக்கும் கொலுசுத் தெருவுக்கும் நேர் எதிரானது: வீடும் தொழிலும் ஒரே கூரையில் இருப்பதைச் சட்டமாகவே ஏற்று, கழிவுநீர், புகை, மின்சாரச் சுமை மூன்றுக்கும் பொது வசதி செய்து கொடுக்கும் வகைப்பாடு. இரண்டையும் ஒரே விதியில் போட்டுக் குழப்பினால் கெட்டுப்போவது சிறியவர்கள்தான்.

சட்டம் தரும் கதவுகள்

நம் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்வது எளிது, ஆனால் உண்மை அல்ல. இடம் துண்டு துண்டாக இருக்கிறது. முழுமைத் திட்ட வரைவு வந்தால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடுகின்றன. வெள்ளைக்கல் பட்டையை ஒட்டிய ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை நடக்க வேண்டும். சுரங்கத்துக்கு இன்னும் குறிப்பான ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, குத்தகைதாரர் படிப்படியான மூடல் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். சுரங்கத்தை முற்றாக மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறுதி மூடல் திட்டத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிணையாகக் கட்டும் தொகையை 2021இல் உயர்த்தினார்கள்: பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம், மற்றவற்றுக்கு 2 லட்சத்திலிருந்து 3 லட்சம். தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

புல் என்று எழுதிவிடலாம். மேக்னசைட் பூமியில் அது வளர்வது வேறு விஷயம். டூனைட் பாறை சிதைந்து உண்டாகும் மண்ணில் மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு, நிக்கலும் குரோமியமும் கூடவே இருக்கும். பெரும்பாலான செடிகளுக்கு ஆகாத மண். வெளியிலிருந்து மேல்மண் கொண்டுவந்து கொட்டாமல் பசுமை வராது. ஒரு ஹெக்டேரை மூடுமளவு மண்ணுக்கு எத்தனை லாரி நடை ஆகும், 5 லட்சம் எதற்குக் காணும் என்பதை ஓமலூர்ச் சாலையில் லாரி வைத்திருக்கும் எவரும் கணக்குப் போட்டுச் சொல்வார். அதனால்தான் மூடல் திட்டம் என்பது தோட்டக்கலைக் குறிப்பாக இருக்கக் கூடாது என்கிறேன். எந்தக் குழி நீர்த்தேக்கமாக நிற்கலாம், எந்த மேடு சமன்செய்து பட்டறை நிலமாகலாம், எது மலையடிவாரத்து நீரோடையை மறிக்கிறது, எது தொடவே கூடாது என்று முழுப் பட்டைக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டியது அது. இப்போது ஒவ்வொரு குத்தகைக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. குழியின் விளிம்பு குத்தகையின் எல்லைக்கல்லில் நிற்பதாக நினைத்துக்கொண்டு.

பணமும் முற்றிலும் இல்லாமல் இல்லை. சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, பழைய குத்தகைகள் உரிமத் தொகையில் (ராயல்டி) 30 சதவீதமும் ஏலத்தில் எடுத்த புதிய குத்தகைகள் 10 சதவீதமும் கட்டுகின்றன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்றே உள்ள நிதி அது. அதிலிருந்து ஒரு பங்கை ஊர்க்காரர்களின் திட்டமிடலுக்கு, ஒரு நில அளவையாளருக்கும் ஒரு நீரியல் வல்லுநருக்கும் கூலி கொடுக்க, கேட்பது அளவுக்கு மீறிய ஆசை ஆகாது. சியாட்டிலில் குழுக்களுக்கு நகர நிர்வாகமே ஆளும் தரவும் கொடுத்தது. வெறும் கையோடு கூட்டத்துக்கு வரும் ஊர்க்காரர் கோபத்தை மட்டும்தான் கொண்டுவர முடியும்.

உருக்காலை நிலத்தின் சிக்கல் வேறு. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் கையகப்படுத்திய நிலம் முழுமையாக அரசைச் சேர்ந்துவிடும். கொடுத்த குடும்பத்துக்கு அதன்பின் சட்டப்படி பிடி இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ போகலாம் என்கிறது, எதற்கு என்று முடிவு செய்வது அரசு. நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கேட்பது பெரும்பாலும் நிலத்தைக்கூட அல்ல, வேலையை. ஆலை விற்பனையைப் பற்றி நடந்த வாதமெல்லாம் ஆலை யாருக்கு என்பதிலேயே முடிந்துவிட்டது. ஆலைக்குத் தேவைப்படாத நிலம் எதற்கு என்ற கேள்வி ஓரத்தில் நின்றது. ராணுவத் தளவாடத் தொழிலோ வேறு எதுவோ வரட்டும், பட்டம் இல்லாத ஒருவருக்கு அதில் எத்தனை இடம் என்று சியாட்டில் கேட்ட கேள்வியை அங்கே முதலில் கேட்க வேண்டும்.

2025இல் நடந்தது

சியாட்டில் ஒப்பந்தம் கல்லில் செதுக்கியது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. 2025 மார்ச்சில் நகர மன்றம் 6-3 வாக்கில், துறைமுகத்தை ஒட்டிய விளையாட்டு அரங்கப் பகுதியில் வீடுகள் கட்ட அனுமதித்தது. கட்டுமானத் தொழிற்சங்கங்கள் ஆதரித்தன, துறைமுகத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், துறைமுக நிர்வாகம் சட்ட வழியில் எதிர்த்தது. ஒரே தொழிலாளர் வர்க்கம், இரண்டு பக்கம். வீடு கேட்டவர்களையும் வில்லனாக்க என்னால் முடியவில்லை. அந்த ஊரில் வாடகை அப்படி. ஆனால் நான்கு ஆண்டு பேசி எட்டிய உடன்பாட்டின் ஓரத்தை ஒரே மாலை வாக்கெடுப்பில் பிரிக்க முடியும் என்றால், நிறைவேற்றிய பிறகும் காவலுக்கு ஆள் வேண்டும். 11 உத்திகளில் கடைசியானது தொடர்ந்து கவனித்துவரும் அமைப்பு ஒன்றைப் பற்றியது என்பது இப்போது தற்செயலாகத் தோன்றவில்லை.

சேலத்தில் காவலுக்கு முந்திய வேலையே பாக்கி இருக்கிறது: எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வெள்ளைக்கல் பட்டையில் உள்ள ஒவ்வொரு குத்தகையின் எல்லை வரைபடம், முடியும் தேதி, மூடல் திட்டத்தின் நகல், கட்டியிருக்கும் பிணைத் தொகை. மூடல் திட்டமும் பிணைத் தொகையும் இந்தியச் சுரங்கப் பணியகத்தில், குத்தகை விவரம் மாவட்டக் கனிமவளத் துறையில், நிலப் பயன்பாட்டு மாற்றங்கள் உள்ளூர் திட்டக் குழுமத்தில். மூன்று அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 10 ரூபாய், பதில் வர 30 நாள். செட்டிச்சாவடிக்காரர் ஒருவரும் ஜாகீர் அம்மாபாளையத்துக்காரர் ஒருவரும் சேர்ந்து எழுதினால், அடுத்த கிராம சபையில் விரிக்க ஒரு வரைபடமாவது கையில் இருக்கும்.